சுமை இறங்கிய இடம்: இரட்சணிய யாத்திரிகம் காட்டும் அருளும் விடுதலையும்



மயிலாப்பூரின் பெருமை பேசுவோர் சம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தைச் சொல்வர். பேயாழ்வார் தோன்றிய ஊர் என்பர். வள்ளுவரோடு இவ்வூரைச் சேர்த்துப் பேசும் மரபை நினைவுகூர்வர். கிறித்தவத் தொடர்பைக் குறிக்க வேண்டுமாயின் சாந்தோம் பேராலயத்தையும், 1516ஆம் ஆண்டைக் குறிக்கும் போர்ச்சுகீசியக் கல்வெட்டை உடைய லஸ் கோயிலையும் காட்டுவர். தமிழ்க் கவிதை வரலாற்றில் இவ்வூருக்கு மற்றோர் இடமும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827இல் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பனைக் கேட்டு வளர்ந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்த கிருஷ்ணபிள்ளை, 1858இல் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை ஆனது இந்த மயிலாப்பூரில்தான். அவர் சேர்ந்தது ஆங்கிலிக்கன் திருச்சபை. ஆதலின் இந்நிகழ்ச்சியைச் சாந்தோம் பேராலயத்தோடு சேர்த்து எண்ணுதல் பொருந்தாது.

முப்பதாண்டுக் காலம் திருமாலை வழிபட்ட ஒருவர், கிறித்தவத்தை வெறுத்த காலமும் தம் வாழ்வில் உடைய ஒருவர், எதைக் கண்டு கடந்தார்? அவர் பின்னாளில் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் இவ்வினாவுக்கான விடையாகவே அமைந்துள்ளது எனலாம். 1894இல் நூலாக வெளிவந்த அக்காப்பியத்தில் 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்கள். ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதையே அதற்கு முதல்நூல். எனினும் மொழிபெயர்ப்பு என்ற சொல் அதற்குப் போதாது. இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடும் குமார பருவப் பகுதி பனியனிடம் இல்லை. கிருஷ்ணபிள்ளையே அதனைப் படைத்துக் கதையின் நடுவே நிறுத்தினார். அவ்வாறு நிறுத்தியதன் காரணத்தை அறிய, அவர் ஏற்ற கொள்கையை முதலில் காணுதல் வேண்டும்.

கிறித்தவம் கூறும் அருளும் நம்பிக்கையும் விடுதலையும் தூய பவுலின் திருமுகங்களில் ஒரே முடிச்சாகப் பின்னிக் கிடக்கின்றன. மனிதன் தன் நற்செயல்களை எண்ணிக்கை காட்டி இறைவன்முன் நேர்மையாளன் ஆக இயலாது. சட்டம் அவன் குறையைக் காட்டுமேயன்றிக் குறையைத் தீர்க்காது. இறைவன் தானாக முன்வந்து தருவதே அருள். அதனை வெறுங்கையோடு ஏற்பதே நம்பிக்கை. ஏற்றவன் சட்டத்தின் அச்சத்திலிருந்து விடுபடுகிறான். கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் இதனைச் சற்றுக் கோபத்துடனேயே பேசுகிறது. பெற்ற விடுதலையை விட்டு மீண்டும் சடங்குச் சட்டத்தின் நுகத்தடியில் கழுத்தைக் கொடுக்க விரும்பியோர்க்கு எழுதிய கடிதம் அது. ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் அத்திருமுகத்துக்கு எழுதிய விரிவுரை, ஆங்கில மொழியில் பனியன் கைக்குக் கிடைத்தது. விவிலியத்துக்கு அடுத்தபடி தமக்கு உகந்த நூலென்று அவர் அதனையே கொண்டார். பனியன் பழைய பாத்திரங்களைப் பழுது பார்க்கும் தொழிலாளி. உரிமம் பெறாது மறையுரை ஆற்றியமைக்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர். இனி மறையுரை ஆற்றுவதில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம், சொல்லவில்லை. ஆன்ம விடுதலையைப் பற்றி ஐரோப்பாவில் மிகுதியாகப் படிக்கப்பெற்ற கதை ஒரு கைதியின் கையிலிருந்து வந்தது.

கதை எளியது. முதுகில் பெருஞ்சுமையோடு ஒருவன் அழிவின் நகரத்தை விட்டு ஓடுகிறான். வழியில் உலக அறிவு மிக்க ஒருவர் அவனை நிறுத்தி, இத்தனை தொல்லை எதற்கு, அருகிலுள்ள ஊரில் சட்டம் என்னும் பெரியவர் இருக்கிறார், சுமையை இறக்குவதில் வல்லவர் என்று வழிகாட்டுகிறார். நல்ல அறிவுரை போலவே தோன்றுகிறது. அவ்வழியே சென்றால் தலைமேல் கவிழ்வது போல் ஒரு மலை. சுமை முன்னிலும் கனக்கிறது. திரும்பி வந்து, பின்னர் ஒரு மேட்டில் சிலுவையைக் காண்கிறான். கண்டவுடன் சுமை தானே கழன்று உருண்டு கீழேயுள்ள கல்லறைக்குள் மறைகிறது. அவன் அவிழ்க்கவுமில்லை, யாரும் கைகொடுத்து இறக்கவுமில்லை. கிருஷ்ணபிள்ளை தம் காப்பியத்தில் சிலுவைப்பாடுகளை அத்தனை விரித்துப் பாடியதன் காரணம் இங்கே விளங்கும். பனியனின் ஆங்கிலேய வாசகர்க்குச் சிலுவை என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்தது. தமிழ் வாசகனுக்குச் சுமை ஏன் கழன்றது என்பதைக் காட்ட வேண்டியிருந்தது. விலையில்லாமல் வந்த அருள், கொடுத்தவனுக்கு என்ன விலையாயிற்று என்பதைச் சொல்லாவிடில் அது வெறும் மாயவித்தையாக முடிந்திருக்கும்.

பனியன் கதையில் பொருள் விளக்குவோன் வீடு என்றொரு பகுதி உண்டு. தூசி படிந்த கூடம் ஒன்றை ஒருவன் பெருக்குகிறான். தூசி கிளம்பி மூச்சு முட்டுகிறது. பின்னர் ஒரு பெண் நீர் தெளிக்கிறாள்; அதன்பின் பெருக்கக் கூடம் தூய்மையாகிறது. பெருக்கியவன் சட்டம், நீர் தெளித்தவள் நற்செய்தி என்பது விளக்கம். விடியற்காலையில் மாடவீதிகளில் நடந்தவர் எவருக்கும் இதற்கு உரை வேண்டியதில்லை. தெளிக்காமல் பெருக்குவது தமிழ்நாட்டுப் பெண்கள் சிறுமியாயிருக்கும்போதே கைவிட்ட பிழை. இறையியலார் பல நூறு பக்கங்களில் வாதிட்ட ஒன்றை ஒரு வாசல் காட்டிவிடுகிறது.

இக்கொள்கை கிருஷ்ணபிள்ளைக்கு முற்றிலும் அயலானதா? அன்று. வைணவத்தில் அருளைப் பற்றிய வழக்கு நூற்றாண்டுகள் பழையது. குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கு போல உயிரும் தன் பங்குக்குப் பற்ற வேண்டும் என்பது வடகலையார் கொள்கை. பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வதுபோல இறைவனே கொண்டு செல்வான் என்பது தென்கலையார் கொள்கை. கேசவப் பெருமாளும் வேதாந்த தேசிகரும் அருகருகே கோயில் கொண்டுள்ள மயிலாப்பூரில் இவ்வழக்கை எடுத்து விளக்க வேண்டியதில்லை. பூனைக்குட்டியின் நிலையும் சிலுவைமுன் நின்றவன் நிலையும் நெருங்கியவை. ஆதலின் ‘வைணவத்தில் இல்லாத அருளைக் கிறித்தவத்தில் கண்டார்’ என்று சிலர் எழுதுவது வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் பொருந்தாத கூற்று. சரணாகதி என்ற சொல்லைத் தந்த சமயத்தில் அருளுக்குப் பஞ்சமில்லை.

வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. வினை என்பது உயிரோடு தொடர்ந்து வரும் கணக்கு. பாவம் என்பது ஒருவருக்கு எதிராகச் செய்த குற்றம். கணக்கைக் கழிக்கலாம், குற்றத்தை மன்னிக்கத்தான் வேண்டும். மன்னிக்க வேண்டியவரே குற்றத்தின் விளைவைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்பது கிறித்தவத்தின் தனிக் கூற்று. இதனை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தவை. ஆயினும் இரண்டும் ஒன்றே என்று மழுப்பிவிடுவது இரு சமயங்களுக்கும் செய்யும் மரியாதை ஆகாது.

கவிஞர்கள் கூடியுள்ள இவ்வவையில் சொற்களைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் தகும். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அருளுக்கு ‘காரிஸ்’ என்பது சொல். பரிசு, பரிவு, அழகு ஆகிய பொருள்களும் அதனுள் அடங்கும். 1871இல் வெளிவந்த, பவர் ஐயர் தலைமையில் அமைந்த குழுவின் மொழிபெயர்ப்பு கிருபை, விசுவாசம், இரட்சிப்பு, சுயாதீனம் என்னும் சொற்களை வழங்கியது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அவ்விடங்களில் அருள், நம்பிக்கை, மீட்பு, உரிமை வாழ்வு என்று கூறும். பழைய சொற்களில் பழகியோர்க்குப் புதியவை வெறுமையாகவும், புதியவற்றில் பழகியோர்க்குப் பழையவை வடமொழிச் சுமையாகவும் தோன்றுகின்றன. ஆனால் சொல்லுக்குச் சொல் வைத்து எடைபோட்டால் சில வியப்புகள் காத்திருக்கின்றன.

நம்பு என்பதற்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். நம்பிக்கை என்பது பழந்தமிழில் ஒரு கருத்தை உண்மையென ஒப்புக்கொள்வது மட்டும் அன்று. ஒருவரை நச்சி நிற்பது. பவுல் கூறும் நம்பிக்கையும் கோட்பாட்டுக்கு இட்ட கையொப்பம் அன்று. ஆகவே விசுவாசத்தினும் நம்பிக்கையே மூலத்தின் உயிருக்கு அணித்தது என்று துணிந்து கூறலாம். அருளின் நிலை வேறு. திருக்குறளில் அருள் மனிதனுக்குரிய அறம், துறவறவியலின் முதலதிகாரம். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு, தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுவார். தொடர்பு கருதாமை என்ற அந்த ஒரு கூறு கிறித்தவ அருளுக்கு முற்றும் பொருந்துகிறது. ஆனால் பவுல் ஒருபடி மேலே செல்கிறார்: தொடர்பில்லாதவன் மட்டுமன்று, பகைவனாய் நின்றவனுக்கே அது தரப்பட்டது என்பார். இப்பொருளைத் தாங்க அருள் என்ற சொல் இன்னும் சற்று வளர வேண்டியிருந்தது. கிருஷ்ணபிள்ளை காப்பியத்தில் கிருபையும் அருளும் கருணையும் மாறி மாறி வருவது யாப்பின் தேவை மட்டும் அன்று. ஒரு சொல்லில் அடங்காததைப் பல சொல்லால் பிடிக்க முயலும் முயற்சி.

இச்சொற்களின் வரலாற்றில் ஒரு மனிதரை மறக்கலாகாது. பீட்டர் பெர்சிவல் என்னும் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டபோது, அவருக்குத் துணைநின்ற தமிழ்ப் புலவர் ஆறுமுக நாவலர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சேறியது. அதே பெர்சிவல் பின்னர்ச் சென்னைக்கு வந்து தினவர்த்தமானி என்னும் இதழை நடத்தினார். அவ்விதழ்ப் பணியில் துணைநின்றவர் கிருஷ்ணபிள்ளை. ஒரே ஆசான், ஒரே மறைநூல், ஒரே தமிழ். அம்மறைநூலின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பார்த்த நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கிச் சைவத்தின் காவலராய் நின்றார். கிருஷ்ணபிள்ளை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார். ஒருவர் அறியாமையால் மறுத்தார் என்றோ, மற்றவர் மயங்கி ஏற்றார் என்றோ கூற இயலாது. இருவரும் தமிழில் கரைகண்டவர்கள். நம்பிக்கை வாதத்தால் விளைவதாயின் இருவரும் ஒரே பக்கம் நின்றிருக்க வேண்டும். ஆன்ம விடுதலை என்ற சொல்லுக்கு ஏற்கும் உரிமை போலவே மறுக்கும் உரிமையும் பொருளாகும். நாவலர் அவ்வுரிமையின் வடிவம்.

இனி, விடுதலை. ‘கட்டில்லாமை’ என்று இன்றைய வழக்கில் கொள்ளும் பொருளைக் கொண்டு பவுலையோ லூதரையோ அணுகினால் வழி தவறும். லூதர் 1520இல் எழுதிய கிறித்தவனின் விடுதலை பற்றிய சிறுநூலின் சாரம் இது: நம்பிக்கையால் விடுபட்டவன் எவருக்கும் கீழ்ப்பட்டவன் அல்லன், அன்பினால் அவனே எல்லார்க்கும் ஏவல் செய்பவன். முரண்போல் தோன்றும் இவ்விரு கூற்றும் தமிழருக்குப் புதியவையல்ல. பல்லவ மன்னனின் ஆள் அழைக்க வந்தபோது நாவுக்கரசர் பாடிய மறுமாற்றத் திருத்தாண்டகத்தின் தொடக்கத்தை மேடைதோறும் முழங்கும் நாம், அதே பாட்டின் பிற்பகுதியை விரைந்து கடந்துவிடுகிறோம். யாருக்கும் குடியல்லாதவர் என்று அறிவித்த அவர், அடுத்துத் தாம் சங்கரனுக்கு மீளா ஆளாய்ப் போனதைச் சொல்கிறார். ஒருவனுக்கு அடிமை ஆகிவிட்டமையே மன்னனுக்கு அடிமை ஆகாமைக்குக் காரணம். வைணவரின் அடியார்க்கு அடியார் என்னும் கொள்கையும் இவ்வழியினதே. கிருஷ்ணபிள்ளை தம் காப்பியத்தின் நடுவே தேவாரம் என்னும் பெயரிலேயே இசைப்பாக்களை அமைத்தார். அதனைப் பழைய பழக்கத்தின் எச்சம் என்று தள்ளுதல் எளிது. விடுதலையையும் அடிமையையும் ஒரே மூச்சில் பாடத் தமிழில் ஏற்கெனவே ஒரு வடிவம் இருந்தது; அவர் அதனை எடுத்துக்கொண்டார் என்பதே நேர்மையான மதிப்பீடு.

இவ்வளவு கூறியபின் கசப்பான ஒன்றையும் கூறாதிருத்தல் தகாது. அருளின்முன் எல்லாரும் வெறுங்கையரே என்ற போதனை, கோயிலுக்குள்ளே இருக்கை வரிசையில் என்ன ஆயிற்று? 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமையைக் கைவிட வேண்டும் என்று திருமுகம் விடுத்தார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் அதனை ஏற்காது சபையை விட்டு விலகினர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சாதி வழக்கத்தை ஒழிக்க முற்பட்ட புதிய போதகர்களை எதிர்த்து எழுதியவர்களுள் ஒருவர். இயேசுவின் அன்பை அத்தனை உருக்கத்தோடு பாடிய நா, பக்கத்து இருக்கையை ஏற்கத் தயங்கியது. அக்காலச் சூழல் என்று அமைதி கூறலாம். அதே சூழலில் மறுபக்கம் நின்றோரும் இருந்தனர் என்பதால் அவ்வமைதி முழுமை பெறாது. சட்டத்தின் நுகத்தை இறக்கிவைத்தோம் என்று பாடியவர்கள் சாதியின் நுகத்தைத் தோளிலேயே வைத்திருந்தனர். கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் உண்ணும் பந்தியில் எழுந்த பிரிவினையைக் கண்டிப்பதும் அங்கே நினைக்கத்தக்கது. பிற இனத்தாரோடு அமர்ந்து உண்பதிலிருந்து பின்வாங்கிய பேதுருவைப் பவுல் முகத்துக்கு நேரே கண்டித்த செய்தி அதில் உள்ளது. அருளைப் பற்றிய வழக்கு முதல் நூற்றாண்டிலேயே ஒரு பந்தி வழக்காகத்தான் வெடித்தது.

மீண்டும் காப்பியத்துக்கு வருவோம். இரட்சணிய யாத்திரிகத்தைக் கம்பனோடு ஒப்பிட்டுக் கிறித்தவக் கம்பர் என்று ஆசிரியரைப் போற்றுவது வழக்கம். அப்பட்டம் அவருக்கு நன்மையைவிடத் தீமையே மிகுதியாகச் செய்தது. கம்பனின் சந்தம் அவர் காதில் ஓயாது ஒலித்தமையால், பனியன் இரண்டு வரியில் சொல்லிச் சென்றதை அவர் பத்து விருத்தத்தில் நிறுத்திவைக்கும் இடங்கள் உள. கொல்லனும் உழவனும் படித்த கதை புலவர் மட்டும் படிக்கும் நூலாயிற்று. ஆயினும் பாடுகளின் பகுதியில் அந்த விருத்தமே துணையாகிறது. அங்கே கதை நகரக்கூடாது. வாசகன் நின்று பார்க்க வேண்டும். நிற்க வைக்கும் ஆற்றல் விருத்தத்துக்கு உண்டு.

பிற்காலத்தில் தியாகராய நகரில் வாழ்ந்த கண்ணதாசன் இதே பொருளை வேறு வழியில் அணுகினார். அவர் இயற்றிய இயேசு காவியம், அவர் மறைந்தபின் 1982இல் வெளிவந்தது. அவர் வீடிருந்த ஹென்ஸ்மன் சாலை அவர் பெயரையே தாங்கியுள்ளது. அர்த்தமுள்ள இந்து மதம் எழுதிய கைதான் அக்காவியத்தையும் எழுதியது; அவர் சமயம் மாறவில்லை. எளிமையில் கண்ணதாசன் முந்துகிறார். ஆனால் சுமை கழன்ற கணத்தின் நடுக்கம் கிருஷ்ணபிள்ளையிடமே உள்ளது. கரையில் நின்று ஆற்றைப் பாடுவதற்கும் கடந்தபின் ஈர ஆடையோடு பாடுவதற்கும் உள்ள வேறுபாடு அது. இரண்டும் கவிதையே.

கதையில் அடிக்கடி கவனிக்கப்படாத ஒரு செய்தி உண்டு. சுமை கழல்வது முடிவில் அன்று, பயணத்தின் தொடக்கப் பகுதியிலேயே. அதன்பின்னரே ஏறுதற்கரிய மலையும், தாழ்மைப் பள்ளத்தாக்கும், மாயாபுரிச் சந்தையும், ஐயக் கோட்டையும் வருகின்றன. அருள் பெற்றவன் ஐயக் கோட்டையில் அகப்படுகிறான். நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கன் அவனைத் தடியால் அடித்துத் தற்கொலைக்குத் தூண்டுகிறான். பல நாள் கிடந்தபின், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பது அவனுக்கு நினைவு வருகிறது. எவரும் புதிதாகக் கொண்டுவந்து தரவில்லை, முன்பே தரப்பட்டது. அதனை மறந்து கிடந்ததே சிறை. ஐயமே இல்லாத நம்பிக்கையைப் பனியனும் பாடவில்லை, கிருஷ்ணபிள்ளையும் பாடவில்லை.

1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிருஷ்ணபிள்ளை மறைந்தார். அதே ஆண்டில் ஆக்ஸ்போர்டிலிருந்து ஜி.யு. போப், தம் எண்பதாம் அகவையில், திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். திருமாலடியாராய்ப் பிறந்தவர் சிலுவையைப் பாடி முடித்தார். சிலுவையைச் சொல்ல வந்தவர் மணிவாசகரின் அருட்பாடலில் வந்து முடித்தார். போப் 1840களில் சாயர்புரத்தில் தொடங்கி வளர்த்த கல்விக்கூடத்தில்தான் 1853இல் கிருஷ்ணபிள்ளை தமிழாசிரியராய் நுழைந்தார். போப் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அவ்வூரை விட்டுச் சென்றிருந்தார்.